எந்தத் தொழிலைக் கற்றால் சொந்தக் கடை போடலாம்?

வாசகர் கேள்விகள் – செந்தூல் ஏர்கோன் கடைக்காரர் பதில்கள்

இந்த மாதம் வந்த கடிதங்களிலும் வாட்ஸ்அப் செய்திகளிலும் பாதிக்கு மேல் ஒரே விஷயம்தான். கைத்தொழில் ஒன்றைக் கற்றுக்கொண்டு சொந்தமாக ஏதாவது தொடங்க வேண்டும், எதைக் கற்பது என்கிறீர்கள். நான் கோலாலம்பூர் செந்தூலில் ஏர்கோன் (குளிர்சாதனம்), வயரிங் வேலைக்குக் கடை வைத்திருப்பவன். அப்பா இதே செந்தூலில் ரயில்வே பட்டறையில் ஃபிட்டராக இருந்தவர். கையால் செய்கிற வேலைக்கு மரியாதை உண்டு என்பதை வீட்டிலேயே பார்த்து வளர்ந்ததால், இந்தக் கேள்விகளுக்குப் பதில் எழுத எனக்கு எப்போதும் ஆசை அதிகம். என் தொழிலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

*அண்ணா, எனக்கு 22 வயது. எஸ்.பி.எம். தேர்வு முடித்துவிட்டு மோட்டார் சைக்கிளில் சாப்பாடு அனுப்பும் வேலை செய்கிறேன். ஏர்கோன், வயரிங், பைப் வேலை, கைப்பேசி ரிப்பேர் – இந்த நான்கில் எதைக் கற்றால் சீக்கிரம் சொந்தக் கடை போடலாம்?*
– வாசகர், கெப்போங்

தம்பி, கடை போடுவது பெரிய காரியமே இல்லை. நிறுவனப் பதிவு ஆணையமான எஸ்.எஸ்.எம்.மில் உங்கள் சொந்தப் பெயரில் பதிந்தால் ஆண்டுக்கு 30 வெள்ளி (ரிங்கிட்), வேறு வணிகப் பெயர் வைத்தால் 60 வெள்ளி. தொழில் தொடங்கிய 30 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். அதைச் செய்ய ஒரு மத்தியானம் போதும். அடுத்த வருடமும் அந்தக் கடைக்கு வேலை வருமா என்பதைத்தான் யோசிக்க வேண்டும்.

எந்தத் தொழிலாக இருந்தாலும் நான் இரண்டு விஷயம் பார்ப்பேன். ஒரு தடவை வேலை கொடுத்தவர் மறுபடியும் கூப்பிட வேண்டிய தேவை அதில் இருக்கிறதா? அப்புறம், கண்டவர் எல்லாம் கை வைக்க முடியாதபடி அந்த வேலைக்கு உங்கள் பெயரில் ஒரு சான்றிதழ் எடுக்க முடியுமா? இரண்டும் இருந்தால் அந்தத் தொழில் உங்களுக்குச் சோறு போடும்.

கைப்பேசி ரிப்பேர் கற்பது சுலபம். ஆனால் மாடல் மாறிக்கொண்டே இருக்கும், உதிரிப் பாகம் வாங்கி வைத்தால் பணம் அதிலேயே முடங்கும். லோயாட் பிளாசாவில் ஒரு மாடி ஏறி இறங்கிப் பாருங்கள், எத்தனை பேரோடு போட்டி போட வேண்டும் என்று தெரியும். கை நுணுக்கம் இருந்து, சர்க்கியூட் போர்டு வரைக்கும் இறங்கி வேலை செய்ய ஆசை இருந்தால் மட்டும் போங்கள். கண்ணாடி மாற்றுவதை மட்டும் வைத்துக் கடை வாடகை கட்ட முடியாது.

பைப் வேலை நல்ல தொழில். நம் பையன்கள் ஏனோ அதைக் கேட்டாலே முகத்தைச் சுளிக்கிறார்கள். அடுக்குமாடி வீட்டில் மேல் வீட்டுக் குளியலறை ஒழுகிக் கீழ் வீட்டு சீலிங் நனைந்தால், ராத்திரி பதினொரு மணிக்கும் கேட்ட பணத்தைக் கொடுக்க ஆள் தயாராக இருப்பார். குடிநீர்க் குழாய் வேலைக்குத் தேசிய நீர்ச் சேவை ஆணையமான ‘ஸ்பான்’ கொடுக்கும் அனுமதி உண்டு. அது கையில் இருந்தால் புது வீட்டுத் திட்டங்களிலும் நுழையலாம்.

ஏர்கோனுக்கு வருகிறேன். கோலாலம்பூரில் இன்று ஒரு சாதாரண கொண்டோ வீட்டிலேயே மூன்று யூனிட் ஓடுகிறது. ஒவ்வொன்றையும் அவ்வப்போது கழுவியாக வேண்டும். இரண்டு வருடம் கழுவாத யூனிட்டின் மூடியைக் கழற்றினால் உள்ளே உருளை மாதிரி இருக்கும் ப்ளோவரில், இறக்கைக்கு இறக்கை கறுப்புத் தூசி ஒட்டி இடைவெளியே தெரியாது. காற்று எப்படி வரும்? அடியில் இருக்கும் தண்ணீர்த் தட்டில் கொழகொழவென்று பாசி பிடித்து, வடிகுழாய் அடைத்து, தண்ணீர் சுவரில் வழியும். வீட்டுக்காரர் “காஸ் முடிந்துவிட்டது, காஸ் ஊற்றுங்கள்” என்பார். காஸ் என்பது வெளியே போக வழியில்லாமல் மூடிய குழாய்க்குள் சுற்றுவது, கசிவு இல்லாவிட்டால் அது குறையவே குறையாது. இதை அவருக்கு எடுத்துச் சொல்லி, கழுவ மட்டும் காசு வாங்கிக்கொண்டு வருகிறவனைத்தான் அடுத்த வருடமும் கூப்பிடுவார்கள். தேவையில்லாமல் காஸ் ஊற்றி 100 வெள்ளி கூடுதலாக வாங்கியவனை ஒரு தடவைதான் கூப்பிடுவார்கள்.

புதிதாகப் பொருத்தும்போதுதான் வேலைக்காரனின் தரம் தெரியும். செம்புக் குழாயின் வாயை விரித்து நட்டுக்குள் உட்கார வைக்கிறோமே, அந்த விரிப்பில் ஒரு கீறல், ஒரு பிசிறு இருந்தால் போதும், ஆறு மாதத்தில் காஸ் கசிந்துவிடும். குழாயை வெட்டியபின் உள்விளிம்பைச் சுரண்டும்போது வாயைக் கீழே பார்த்துப் பிடிக்க வேண்டும், செம்புத் தூள் உள்ளே விழக்கூடாது. அதன்பின் காஸைத் திறப்பதற்கு முன்னால் வாக்குவம் பம்ப் போட்டுக் குழாயில் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் இழுக்க வேண்டும். ஈரம் உள்ளே தங்கினால் எண்ணெயோடு சேர்ந்து அமிலமாகி கம்ப்ரசரையே தின்றுவிடும். பம்பை நிறுத்திவிட்டு மீட்டர் முள் அசையாமல் நிற்கிறதா என்று பொறுமையாகப் பார்க்க வேண்டும். அவசரக்காரர்கள் இதைச் செய்வதில்லை, கொஞ்சம் காஸைத் திறந்து காற்றை ஊதி வெளியேற்றிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். என்னிடம் பயிற்சிக்கு வரும் பையன்களுக்கு நான் முதலில் கற்றுக்கொடுப்பது இந்தக் காத்திருப்பைத்தான்.

காஸும் மாறிக்கொண்டே வருகிறது. பழைய ஆர்22 ஓசோனைக் கெடுப்பதால் விலக்கப்பட்டு வருகிறது, இப்போது வீட்டு யூனிட்டுகளில் பெரும்பாலும் ஆர்32. அது லேசாகத் தீப்பற்றக்கூடியது. அழுத்தமும் ஆர்22-ஐவிட அதிகம். பழைய மீட்டர், பழைய பழக்கம் இரண்டும் அதற்கு ஒத்துவராது. காஸைக் கையாள்பவருக்குச் சுற்றுச்சூழல் துறை அங்கீகரித்த சி.எஸ்.டி.பி. சான்றிதழ் இருக்கிறது, அதைக் கண்டிப்பாக எடுங்கள். பெரிய கட்டடங்களின் பராமரிப்பு வேலைக்குப் போனால் முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

எங்கே கற்பது? குச்சாய் லாமாவில் மனிதவளத் துறையின் தொழிற்பயிற்சி நிலையம் இருக்கிறது, ஐ.எல்.பி. என்று கேட்டால் தெரியும். ஏர்கோன் வகுப்பு இருக்கிறதா, சேர்க்கை எப்போது என்று நேரில் போய்க் கேளுங்கள். தனியார் நிலையம் என்றால், அது எஸ்.கே.எம். என்ற மலேசியத் திறன் சான்றிதழைக் கொடுக்கத் திறன் மேம்பாட்டுத் துறையிடம் அங்கீகாரம் பெற்றதா என்று பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள். கட்டணத்துக்குத் திறன் மேம்பாட்டு நிதிக் கழகமான பி.டி.பி.கே.யின் கடன் உண்டு. வேலை பார்த்துக்கொண்டே கற்க வேண்டுமானால் எஸ்.எல்.டி.என். என்ற முறையைக் கேளுங்கள். பெரும்பகுதி நேரம் பட்டறையில் வேலை, மீதி வகுப்பு, கடைசியில் அதே எஸ்.கே.எம்.

படித்து முடித்த கையோடு போர்டு மாட்டிவிடாதீர்கள். இரண்டு வருடமாவது ஒரு நல்ல முதலாளியிடம் வேலை செய்யுங்கள். ஏணி பிடிப்பது மட்டும் வேலை இல்லை. அவர் எந்த வேலைக்கு என்ன விலை சொல்கிறார், கோபமாக இருக்கும் வாடிக்கையாளரிடம் எப்படிப் பேசுகிறார், பொருள் எங்கே வாங்குகிறார், எல்லாவற்றையும் கவனியுங்கள். கணக்கும் போட்டுப் பழகுங்கள். ஒரு யூனிட்டை மருந்து போட்டுக் கழுவ நான் 150 வெள்ளி வாங்குகிறேன். கேட்க நன்றாக இருக்கும். ஆனால் ஓர் உதவியாளர் வைத்தால் குறைந்தபட்சச் சம்பளம் 1,700 வெள்ளி, அதற்கு மேல் சேமநிதிக்கு 13 விழுக்காடு, சொக்சோ (தொழிலாளர் சமூகப் பாதுகாப்பு), வேலைக் காப்புறுதி என்று ஏறக்குறைய 1,950 வெள்ளி ஆகிவிடும். வேன், டோல், கார் நிறுத்தம், ஜாலான் டூத்தா நெரிசலில் போகும் நேரம், எல்லாம் உங்கள் கணக்கில்தான்.

இன்னொன்று. வெளி யூனிட் பெரும்பாலும் பதினைந்தாம் மாடிச் சுவருக்கு வெளியே ஒரு சின்னத் திட்டில் இருக்கும். பாதுகாப்பு வார் கட்டாமல் கால் வைக்காதீர்கள். யார் அவசரப்படுத்தினாலும் வைக்காதீர்கள். தனியாகத் தொழில் செய்பவர்களுக்கும் 2017 சட்டத்தின்படி சொக்சோ பாதுகாப்பு உண்டு. முதல் வேலைக்குப் போகுமுன் அதில் சேர்ந்துவிடுங்கள் தம்பி.

*ஐயா, எனக்கு 44 வயது. பள்ளிப் படிப்பு அதிகம் இல்லை. இருபது வருடமாகக் குத்தகைக்காரர்களிடம் வயரிங் வேலை செய்கிறேன். எல்லா வேலையும் தெரியும், ஆனால் ஒரு சான்றிதழும் இல்லை. சொந்தமாக வேலை எடுக்க ஆசை. இந்த வயதில் முடியுமா?*
– வாசகர், செத்தாப்பாக்

முடியும். உங்கள் கடிதம்தான் இந்த மாதம் வந்ததிலேயே என்னை அதிகம் யோசிக்க வைத்தது. நம் சமுதாயத்தில் உங்களைப் போல எத்தனையோ பேர் இருக்கிறார்கள். வேலை முழுக்க அவர்கள் கையில், கையெழுத்து மட்டும் வேறொருவருடையது. லாபமும் அந்தக் கையெழுத்துப் பக்கம்தான் போகிறது.

ஒன்றைத் தெளிவாகப் புரிந்துகொள்ளுங்கள். மின்சார வேலையில் இரண்டு விதமான சான்றிதழ் உண்டு. எஸ்.கே.எம். என்பது உங்களுக்கு வேலை தெரியும் என்று திறன் மேம்பாட்டுத் துறை சொல்வது. வயரிங் வேலைக்குப் பொறுப்பேற்றுக் கையெழுத்துப் போட எரிசக்தி ஆணையம், அதாவது சுருஹான்ஜாயா தெனாகா, கொடுக்கும் தகுதிச் சான்றிதழ் வேண்டும். ஒரு ஃபேஸ் வயர்மேன், மூன்று ஃபேஸ் வயர்மேன் என்று அதில் பிரிவு உண்டு. வயரிங் முடிந்ததும் போராங் ஜி, சோதனை முடிந்ததும் போராங் எச் என்று இரண்டு பாரம் பார்த்திருப்பீர்கள். இத்தனை நாள் நீங்கள் செய்த வேலைக்கு யாரோ போட்ட கையெழுத்து அதில்தான் இருக்கும். குத்தகைக்காரராக வேலை எடுக்க ஆணையத்திடம் தனிப் பதிவும் வேண்டும்.

எஸ்.கே.எம்.முக்கு நீங்கள் மறுபடி வகுப்பில் உட்கார வேண்டியதில்லை. பி.பி.டி. என்று ஒரு வழி இருக்கிறது. அனுபவத்தை மதிப்பிட்டுச் சான்றிதழ் கொடுப்பது. நீங்கள் செய்த வேலைகளின் படங்கள், முதலாளியின் கடிதம், வேலைக் குறிப்புகள் எல்லாவற்றையும் ஒரு கோப்பாகக் கட்டிக் கொடுக்க வேண்டும், மதிப்பீட்டாளர் வந்து நேரில் பார்ப்பார். இன்றிலிருந்தே ஒவ்வொரு டிபி (மின்விநியோக) பெட்டியையும் மூடுமுன் ஒரு படம் எடுத்து வையுங்கள். வயர்மேன் தேர்வுக்கு, ஆணையம் அங்கீகரித்த நிலையங்களில் படிக்க வேண்டும். வார இறுதி வகுப்பு இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். பாடம் மலாயில் இருக்கும். வீட்டில் படிக்கிற பிள்ளை இருந்தால் ராத்திரி அரை மணி நேரம் கூட உட்காரச் சொல்லுங்கள். அப்பாவுக்குச் சொல்லிக்கொடுப்பதில் பிள்ளைகளுக்கு எவ்வளவு பெருமை என்பதை நானே பல வீடுகளில் பார்த்திருக்கிறேன்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்றால், இது வெறும் காகித விஷயம் இல்லை. பழைய டெரஸ் வீடுகளுக்குப் போனால் நான் முதலில் பார்ப்பது குளியலறை வாட்டர் ஹீட்டர் லைனைத்தான். ஈரக் கையோடு, ஈரத் தரையில் நின்று மனிதர்கள் தொடும் கருவி அது. அதற்கு 10 மில்லி ஆம்பியர் கசிவிலேயே விழுந்துவிடும் பாதுகாப்பு ஸ்விட்ச் இருக்க வேண்டும் என்பது விதி. பல வீடுகளில் முழு வீட்டுக்கும் சேர்த்து 100 மில்லி ஆம்பியர் ஸ்விட்ச் ஒன்று மட்டும் இருக்கும். ஆளைக் காப்பாற்ற அது போதாது. சில இடங்களில் அடிக்கடி விழுகிறது என்று யாரோ அதையும் தவிர்த்து நேராக இணைத்திருப்பார்கள். எர்த் கம்பி பெட்டி வரை வந்து, அங்கே எதோடும் சேராமல் சும்மா தொங்கும். வீட்டுக்காரருக்கு இது எதுவும் தெரியாது. விளக்கு எரிகிறது, தண்ணீர் சுடுகிறது, அவ்வளவுதான் அவருக்குத் தெரியும். இருபது வருட அனுபவமும், மெக்கர் வைத்து இன்சுலேஷனை அளந்து எழுதிக் கொடுக்கும் தகுதியும் ஒரே ஆளிடம் இருந்தால் அந்தப் பேட்டை முழுக்க உங்களைத்தான் கூப்பிடும்.

முதல் வருடம் பெரிய வேலை எடுக்காதீர்கள். பழைய வீட்டு டிபி மாற்றுவது, வாட்டர் ஹீட்டர் லைன் சரிசெய்வது, மின்விசிறிப் பாயின்ட் போடுவது போதும். சரக்கு வாங்க ஜாலான் பாசாருக்குப் போகும்போது நாலு கடையில் விலை கேளுங்கள், ஆனால் சிரிம் தர முத்திரை இல்லாத கேபிளை யார் எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் தொடாதீர்கள்.

*என் மகனுக்கு 18 வயது. முடிதிருத்தும் தொழில் கற்க வேண்டும் என்று ஒற்றைக் காலில் நிற்கிறான். கை நன்றாக ஓடுகிறது, நண்பர்களுக்கெல்லாம் அவன்தான் வெட்டிவிடுகிறான். ஆனால் சொந்தக்காரர்கள் “அந்த வேலைக்கா அனுப்பப் போகிறாய்” என்று கேட்கிறார்கள். என்ன செய்வது?*
– ஓர் அம்மா, பட்டர்வொர்த்

அனுப்புங்கள் அம்மா. அப்படிக் கேட்கிற சொந்தக்காரர்கள் மனதில் என்ன இருக்கிறது என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். ஊரை விட்டுக் கப்பலேறி வந்த நம் தாத்தா பாட்டிகள் அதையும் மூட்டை கட்டிக்கொண்டு வந்துவிட்டார்கள். உங்கள் மகன் அதைச் சுமக்க வேண்டிய அவசியம் இல்லை.

தொழிலாகப் பார்த்தால் நான் மேலே சொன்ன முதல் விஷயத்துக்கு, அதாவது ஒரு தடவை வந்தவர் மறுபடியும் வர வேண்டிய தேவைக்கு, இதைவிடப் பொருத்தமான தொழில் கிடையாது. ஏர்கோனை வருடத்துக்கு இரண்டு தடவை கழுவுவார்கள், முடி மாதா மாதம் வளரும். நம் முடிதிருத்தும் கடைகளோ ஆள் இல்லாமல் திண்டாடுகின்றன. 2009-இல் முடிதிருத்தம், ஜவுளி, நகைத் தொழில் மூன்றுக்கும் வெளிநாட்டுத் தொழிலாளர்களை எடுப்பது நிறுத்தப்பட்டது. ஆள் வேண்டும் என்று கடைக்காரர்கள் வருடக்கணக்காகக் கேட்டபின் 2023-இல் மூன்றுக்கும் சேர்த்து 7,500 பேருக்கு அனுமதி என்று அறிவிப்பு வந்தது. இத்தனை இடம் காலியாக இருக்கும் தொழிலுக்கு ஆசைப்பட்டு ஒரு பையன் வருகிறான் என்றால் கடைக்காரர்கள் கைநீட்டி வரவேற்பார்கள்.

முதலில் ஒரு நல்ல கடையில் சேர்த்துவிடுங்கள். இப்போதைய பையன்கள் கேட்கும் ஃபேட் வெட்டு மட்டும் தெரிந்தால் போதாது. அறுபது வயதுக்காரருக்கு அடக்கமாக வெட்டவும், அழும் குழந்தையை மடியில் வைத்திருக்கும் அப்பாவோடு பேசிக்கொண்டே வேலையை முடிக்கவும், கன்னத்தில் பரு உள்ளவருக்கு வலிக்காமல் மழிக்கவும் தெரிய வேண்டும். வாடிக்கையாளர் கண் முன்னால் புது பிளேடைப் பிரித்து மாட்டும் பழக்கம் முதல் நாளிலிருந்தே வர வேண்டும். தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலையில் முடி காணிக்கை கொடுக்க வரும் கூட்டத்தையும், மொட்டை போடுகிறவர்களின் கை வேகத்தையும் ஒரு தடவை அவனைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். இந்தத் துறைக்கும் எஸ்.கே.எம். உண்டு, வேலை செய்துகொண்டே எடுக்கலாம். பின்னால் சொந்தக் கடை என்றால் செபராங் பிறை மாநகர் கழகத்தில் கடை உரிமமும் விளம்பரப் பலகை உரிமமும் எடுக்க வேண்டும். பலகையில் தமிழ் எழுதலாம், ஆனால் மலாய் எழுத்துதான் பெரிதாக, முன்னால் தெரிய வேண்டும்.

*அண்ணா, வீட்டிலேயே ரவிக்கை தைக்கிறேன். தீபாவளி நேரத்தில் தூங்கக்கூட நேரமில்லை, மற்ற மாதங்களில் மிஷின் சும்மா கிடக்கிறது. கடை வாடகைக்கு எடுத்தால் வியாபாரம் கூடுமா?*
– வாசகி, புக்கிட் மெர்தாஜாம்

தங்கச்சி, கடையை இப்போதைக்கு எடுக்காதீர்கள். வாடகை பன்னிரண்டு மாதமும் வரும், தீபாவளி ஒரு மாதம்தான் வரும். சும்மா கிடக்கும் மாதங்களை முதலில் நிரப்புங்கள்.

என் மனைவியும் தைப்பவர், அவரிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். மலாய்ப் பெண்கள் உடுத்தும் பாஜு கூரோங் தைக்கக் கற்றுக்கொள்ளுங்கள் என்கிறார். ரவிக்கையில் கை தேர்ந்தவருக்கு அது கடினமே இல்லை. கழுத்துக்குப் போடும் தெலோக் பெலாங்கா விளிம்பு வேலையும், அக்குளில் வைக்கும் கெக்கெக் துண்டும் சரியாக வந்துவிட்டால் மற்றதெல்லாம் நேர் தையல்தான். நோன்புப் பெருநாளுக்கு மலாய்த் தையல்காரர்கள் இரண்டு மூன்று மாதத்துக்கு முன்பே ஆர்டரை நிறுத்திவிடுவார்கள், திரும்பிப் போகிறவர்கள் உங்களிடம் வருவார்கள். அப்புறம் பழசைச் சரிசெய்யும் வேலை. இடுப்பைப் பிடிப்பது, ஜிப் மாற்றுவது, கால்சட்டை நீளம் குறைப்பது. சின்னக் காசுதான், ஆனால் வாரா வாரம் வரும். கல்யாண வீடுகளைப் பிடிக்க வேண்டுமானால் ஆரி வேலை கற்றுக்கொள்ளுங்கள், அதற்குத் தனி விலை.

ரவிக்கையில் ஒன்று. உள்பக்கத் தையலில் ஓர் அங்குலம் துணி விட்டுத் தையுங்கள். உடம்பு கொஞ்சம் போட்டாலும் பிரித்துத் தளர்த்திக்கொள்ளலாம். துணியை ஒட்ட வெட்டித் தைத்துக் கொடுத்தவரை அந்தப் பெண்கள் மறப்பதே இல்லை என்கிறார் என் மனைவி. அளவு எடுத்த நோட்டைப் பத்திரமாக வைத்து, பக்கத்தில் தேதியும் எழுதுங்கள். பாதிப் பணம் முன்பணமாக வாங்குங்கள். தைத்து வைத்த ரவிக்கையை வாங்க வராமல் போகிறவர்கள் முன்பணம் கொடுக்காதவர்கள்தான். ஆறு மாதம் தொடர்ந்து மிஷின் ஓய்வில்லாமல் ஓடினால் அப்போது கடையைப் பற்றி மறுபடி எழுதுங்கள்.

*மோட்டார் மெக்கானிக் படிக்கலாம் என்று இருக்கிறேன். மின்சாரக் கார்கள் வந்துவிட்டன, இனி இந்தத் தொழில் அழிந்துவிடும் என்கிறார்களே?*
– வாசகர், செகாம்புட்

அழியாது. இன்று நம் சாலையில் ஓடும் பெட்ரோல் வண்டிகள் இன்னும் பல வருடம் ஓடும், பழசாகப் பழசாக வேலையும் கூடும். மின்சாரக் காருக்கும் பிரேக், சஸ்பென்ஷன், டயர், ஏர்கோன் எல்லாம் உண்டு. எஞ்சின் ஆயிலும் பிளக்கும்தான் இருக்காது. புரோட்டோன் 2024 டிசம்பரில் இ.மாஸ் 7 காரைக் கொண்டுவந்துவிட்டது, அதனால் மின்சார வண்டிப் பாடம் சேர்ந்த பயிற்சியாகப் பார்த்துச் சேருங்கள். அந்தப் பேட்டரியில் நூற்றுக்கணக்கான வோல்ட் இருக்கும், பயிற்சி இல்லாமல் கை வைத்தால் உயிர் போகும். பினாங்குப் பக்கம் நண்பர்கள் இருந்தால் அவர்களிடம் நிபோங் திபாலில் ஐ.எல்.பி. ஆறுமுகம் பிள்ளை என்று அறியப்பட்ட பயிற்சி நிலையம் இருக்கிறது என்று சொல்லுங்கள், போய் விசாரிக்கட்டும்.

பின்னால் பட்டறை வைத்தால், கழிவு ஆயிலைச் சாக்கடையில் ஊற்றாதீர்கள். அது சட்டப்படி அபாயக் கழிவு. டிரம்மில் சேர்த்து, உரிமம் உள்ளவரிடம்தான் கொடுக்க வேண்டும். பட்டறை எடுக்கும்போதே அதற்கு ஒரு மூலை ஒதுக்கிவிடுங்கள்.

*முதல் போட என்னிடம் பணம் இல்லை. எங்கே கடன் கேட்கலாம்?*
– பெயர் வேண்டாம், பிரிக்பீல்ட்ஸ்

அரசாங்கக் கடனுதவி நிறுவனமான தெக்குன் நேஷனலில் இந்தியத் தொழில்முனைவோருக்கென்றே ‘ஸ்பூமி’ கடன் திட்டம் இருக்கிறது. எஸ்.எஸ்.எம். பதிவு, வங்கிக் கணக்கு விவரம், என்ன வாங்கப் போகிறீர்கள் என்ற விலைப்பட்டியல் இவற்றோடு நேரில் போங்கள். பெண்கள் சிறுகடன் கொடுக்கும் அமானா இக்தியாரிலும் கேட்கலாம். ஆலோங் எனும் சட்டவிரோத வட்டிக்காரர்கள் பக்கம் தலைவைத்தும் படுக்காதீர்கள். தெரிந்தவர்கள் நடத்தும் கூட்டுப் பணத்தை (சீட்டுப் பணம்) நம்பியும் தொழில் தொடங்க வேண்டாம். கூட்டு நடத்துவதையே 1971-இல் சட்டம் போட்டுத் தடுத்திருக்கிறார்கள், பணத்தோடு ஆள் மறைந்தால் யாரிடமும் போய் நிற்க முடியாது. கடன் கிடைத்தாலும் முதலில் கருவி வாங்குங்கள். புது வேனும் கடை அலங்காரமும் அப்புறம் பார்க்கலாம்.

*வேலை நன்றாகத்தான் வருகிறது. ஆனால் பாதி வேலை சித்தப்பா வீடு, மாமா வீடு, கோயில் கமிட்டிக்காரர் வீடு. யாரிடமும் காசு கேட்க வாய் வரவில்லை. கேட்டாலும் “அப்புறம் தருகிறேன்” என்கிறார்கள்.*
– பைப் வேலை செய்யும் வாசகர், ஜெலுத்தோங்

இந்தப் பிரச்சினையால்தான் பல நல்ல கைவேலைக்காரர்கள் மறுபடியும் சம்பள வேலைக்குத் திரும்பிப் போகிறார்கள், அதனால் சிரித்துவிட்டுப் போக முடியவில்லை.

வேலை முடிந்தபின் விலை பேசுவதுதான் சிக்கல். அந்த நேரத்தில் சித்தி காபி போட்டுக் கொண்டுவந்து வைப்பார், உங்களால் கேட்க முடியாது. கருவிப் பையைத் திறக்குமுன் விலையை வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுங்கள். “சித்தப்பா, குழாய், வால்வு சேர்த்துச் சரக்கு 85 வெள்ளி, கூலி 120 வெள்ளி. சரக்குக் காசை இப்போது அனுப்பினால் வரும்போதே வாங்கி வந்துவிடுகிறேன்.” எழுத்தில் கேட்கும்போது வாய் தடுமாறாது, அவருக்கும் யோசித்துப் பதில் சொல்ல நேரம் கிடைக்கும். சரக்குக் காசு வராமல் வேலை தொடங்காதீர்கள். உண்மையிலேயே முடியாதவர், தனியாக இருக்கும் பாட்டி, அப்படி யாராவது இருந்தால் இலவசமாகவே செய்யுங்கள், அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். கோயில் வேலையை உபயமாகச் செய்தாலும் கமிட்டியிடம் அதற்கு ரசீது கேளுங்கள்.

சொந்தக்காரருக்குக் குறைத்துக் கொடுக்க ஆசைப்பட்டால் தாராளமாகக் குறையுங்கள், ஆனால் பில்லில் முழு விலையையும் எழுதி, அதற்குக் கீழே குறைத்த தொகையை எழுதி, மிச்சத்தை வாங்குங்கள். 120 வெள்ளிக் கூலியில் 20 வெள்ளி குறைத்திருக்கிறான் என்று சித்தப்பாவுக்குத் தெரிந்தால், நாளைக்குப் பக்கத்து வீட்டுச் சீனர் உங்கள் நம்பரைக் கேட்கும்போது 120 என்றுதான் சொல்லிக் கொடுப்பார்.